வீங்கிப் போன பேட்டரியும் மாமாவின் கல்யாணமும்

நாலு நாள் ஊருக்குப் போவதென்றாலும் அம்மா வீட்டைக் காலியாக விட்டுவிட்டு வரமாட்டாள். குடத்தில் கழுத்து வரைக்கும் தண்ணீர், டின்னில் விளிம்பு வரைக்கும் அரிசி, உப்பு ஜாடி, எண்ணெய்த் தூக்கு என்று எல்லாவற்றையும் நிரப்பி வைத்த பிறகுதான் பூட்டைக் கையில் எடுப்பாள். வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடிப்பார், அப்பா பையைத் தூக்கிக்கொண்டு முறைப்பார். அவள் அப்போதுதான் இன்னொரு கை உப்பை அள்ளி ஜாடியில் போட்டுக்கொண்டிருப்பாள். சாமான் பாதியாகக் கிடக்கிற வீட்டில் காரியமும் பாதியில் நிற்கும் என்பது அவள் கட்சி.

அந்தக் கட்சிக்கு அத்தாட்சியாக அவள் காட்டியது மாமாவை. மாமா அம்மாவின் தம்பி. திண்டுக்கல் பைபாஸ் பக்கம் ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தார், எங்களோடுதான் குடியிருந்தார். அவருக்கு ஒரே வருஷத்தில் மூன்று இடம் வந்து மூன்றும் பாதியில் நின்றுபோயின. ஒன்றில் ஜாதகம் சரியில்லை, ஒன்றில் பெண் வீட்டார் பதிலே சொல்லவில்லை. மூன்றாவதில் பெண் ரொம்ப உயரமென்று மாமாவே சொல்லிவிட்டார். போட்டோவில் அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்துதான் இருந்தாள்.

கல்யாண வயதில் மாமாவுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் ரிமோட் கார். முழங்கை நீளத்துக்கு இருக்கும், கிளம்பினால் நாய்கூடத் துரத்திப் பிடிக்க முடியாது. நத்தம் ரோட்டில் பிளாட் போட்டு, கல் நட்டு, ஒரு வீடுகூட எழும்பாத செம்மண் காடு ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பதினைந்து பேர் அங்கே கூடிப் பந்தயம் விடுவார்கள். மாமா தவறாமல் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். எனக்கு அப்போது ஒன்பது வயது. என் உதவி இல்லாமல் அவரால் கார் ஓட்ட முடியாது என்று மனதார நம்பினேன்.

காரைவிட அதன் பேட்டரிக்குத்தான் மரியாதை அதிகம். லிப்போ என்பார்கள். நீல உறை போட்ட, சோப்புக்கட்டியைவிடக் கொஞ்சம் நீளமான பொட்டலம். அதைத் தொட்டுப் பார்க்கவே மாமா ஒரு மாதம் எனக்குப் பாடம் நடத்தினார். சார்ஜ் போடுவதென்றால் செங்கல் மேல் வைத்துத்தான் போட வேண்டும், முடியும்வரை பக்கத்தை விட்டு நகரக் கூடாது. ஓடி முடித்துச் சூடாக வந்தால் ஆறிய பிறகே ஒயரை மாட்ட வேண்டும். கீழே போட்டாலோ, குத்துப்பட்டாலோ, உப்பினாலோ மேற்கொண்டு சார்ஜ் என்ற பேச்சே கூடாது. இதெல்லாம் எனக்குப் புரிந்தது. புரியாதது ஒன்றே ஒன்று. ஓட்டாமல் வைத்திருக்கும்போது அதை நிரப்பியும் வைக்கக் கூடாது, காலியாகவும் விடக் கூடாது, பாதியில்தான் வைக்க வேண்டுமாம். சார்ஜரில் அதற்கென்றே தனியாக ஒரு பட்டன் வரிசை இருந்தது.

"வயிறு முட்டத் தின்னுட்டுப் படுத்தா நமக்கே மூச்சு முட்டுதுல்ல பாப்பா? அதுக்கும் அப்படித்தான். அதுலயும் வெயில் காலத்துல கேக்கவே வேணாம்" என்றார் மாமா.

ஆக, ஒரே வீட்டில் இரண்டு சட்டம். அடுப்படியில் எதுவும் பாதியாக இருக்கக் கூடாது, மாமாவின் தகரப்பெட்டியில் பாதியாக மட்டுமே இருக்க வேண்டும். இரண்டு பேருமே எனக்கு வேண்டியவர்கள்.

அந்தச் சித்திரையில் நெய்க்காரப்பட்டிப் பக்கம் இருக்கும் அப்பாவின் ஊருக்குத் திருவிழாவுக்குக் கிளம்பினோம். ஒன்பது நாள் தங்குவதாகத் திட்டம். மாமா முதல் நாளே பேட்டரியைப் பாதிக்குக் கொண்டுவந்து பெட்டியில் வைத்துவிட்டு, அன்றைக்கு வேலை முடித்து நேராகப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுகிறேன் என்று போய்விட்டார். மத்தியானம் அம்மா ஜாடியில் உப்பைப் போட்டுக்கொண்டே, "சித்தையன்கோட்டைப் பொண்ணு வீட்டுக்காரங்க திருவிழா முடிஞ்சு பதில் சொல்றேன்னுருக்காங்க. இதாச்சும் பாதியில நிக்காம இருக்கணும் தாயே" என்று முணுமுணுத்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. பக்கத்தில் நின்ற நான் மாமாவின் தகரப்பெட்டி இருந்த பரணை அண்ணாந்து பார்த்தேன். வீடு முழுக்க நிறைந்திருக்க, ஒரே ஒரு சாமான் மட்டும் பாதியாகக் கிடப்பது எனக்குத்தானே தெரியும்?

செங்கல்லை எடுத்தேன். அதன் மேல் பேட்டரியை வைத்தேன். சார்ஜரில் முழுச் சார்ஜுக்கு உண்டான பட்டன்களை அழுத்திவிட்டுப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா இரண்டு தடவை கூப்பிட்டும் நகரவில்லை. ஒரு சட்டத்தை மீறும்போது மற்ற எல்லாச் சட்டங்களையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். கீச்சென்று சத்தம் கேட்டதும் கழற்றி, தகரப்பெட்டியில் வைத்து, எடுத்த இடத்திலேயே பரணில் ஏற்றினேன். மேலே சிமெண்ட் ஷீட். வெளியே அக்கினி வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

ஒன்பது நாள் கழித்து அப்பாவை ஊரில் விட்டுவிட்டு நாங்கள் மூவரும் திரும்பினோம். கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. மாமா சட்டையைக்கூடக் கழற்றாமல் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் திறந்தார். பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது, நீல உறை ஓரத்தில் பிரிந்து வெள்ளித்தாள் தெரிந்தது. அம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏலே, காத்து அடைச்சிருக்குடா. ஒரு குத்து குத்துனா அடங்கிரும்" என்றபடி வளையலில் தொங்கிய ஊக்கைக் கழற்றிக்கொண்டு குனிந்தாள்.

"அக்கா தொடாத! வீடே பத்தி எரிஞ்சு போயிரும்!"

மாமா கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளிவிட்டார். ஊக்கு எங்கோ போய் விழுந்தது. பிறகு பெட்டியை அப்படியே அலுங்காமல் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய், துணிக்கொடிக்கும் கேஸ் சிலிண்டருக்கும் எட்டாத தூரத்தில் துவைக்கிற கல் மேல் வைத்தார். கையோடு யாருக்கோ போன் போட்டார்.

இருபது நிமிஷத்தில் ஸ்கூட்டரில் ஒரு அக்கா வந்து இறங்கினார், காலடியில் ஒரு வாளி காய்ந்த மணலோடு. எனக்குத் தெரிந்தவர்தான். பாலிடெக்னிக்கில் லேப் எடுப்பவர், ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் ஸ்டாப்வாட்ச் பிடிப்பவர். வந்ததும் கனத்த கையுறை மாட்டி, பேட்டரியை மணலில் இறக்கி, அதன் ஒயரில் ஒரு பைக் ஹெட்லைட் பல்பை மாட்டினார். பல்பு எரிந்தது.

"மெதுவா வடியட்டும். கிட்டக்க யாரும் போவேணாம். அணைஞ்ச பெறகும் இத மறுபடி சார்ஜ் போட்றாதீங்க, குப்பையிலயும் போடக் கூடாது. பழைய பேட்டரி எடுக்குற எடத்துல நான் குடுத்துர்றேன்" என்றார்.

அது வடிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பத்தடி தள்ளி, பப்பாளி நிழலில் உட்கார்ந்து பல்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா காபி போட உள்ளே போனாள். பல்பு இவ்வளவு நேரம் எரிகிறதே, பாதியில் வைத்த பேட்டரி எப்படி நிறைந்தது என்று தெரியவில்லையே என்று மாமா புலம்பினார். அந்த அக்கா அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"நீயா பாப்பா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "மாமா கல்யாணம் பாதியில நிக்கக் கூடாதுன்னுதான் ஃபுல்லாப் போட்டேன்" என்றேன்.

மாமா அந்த அக்காவைப் பார்த்தார். அக்கா சிரிக்கத் தொடங்கினார். சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்து, கையுறையிலிருந்த மணலைத் தட்ட ஆரம்பித்தார். தட்டிக்கொண்டே இருந்தார். கொல்லைக் கதவருகே அம்மா மூன்று டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள்.

"எந்த ஊரும்மா நீ?" என்று கேட்டாள் அம்மா.

"நத்தம் பக்கம்க்கா. இப்ப இங்க மாதா கோயில் தெருவுல இருக்கோம்."

அம்மா 'ம்' என்றாள். காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் எனக்கு அடி நிச்சயம் என்று எதிர்பார்த்தேன். அடி விழவில்லை. அம்மா திருவிழா முறுக்கைக் கையில் கொடுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தப் பொண்ணு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருமா என்று கேட்டாள். என்னால்தானே மாமா திட்டு வாங்கப் போகிறார், அவருக்காக நாலு வார்த்தை நல்லதாகச் சொல்வோம் என்று எனக்குத் தோன்றியது. ஆமாம், எல்லா வாரமும் வரும், ரொம்ப நல்ல அக்கா, எனக்குக் கடலைமிட்டாய் வாங்கித் தரும் என்றேன். மாமா ஒன்றும் கார் ஓட்டியே பொழுதை வீணாக்கவில்லை, முக்கால்வாசி நேரம் அந்த அக்கா பக்கத்தில் பேசிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார் என்றும் சொன்னேன். அம்மா இன்னொரு முறுக்கு கொடுத்தாள்.

அடுத்த வாரமே அப்பாவும் அம்மாவும் சித்தையன்கோட்டைக்கு நேரில் போய்ப் பேசி முடித்துவிட்டு வந்தார்கள். ஆவணியில் முகூர்த்தம். உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் பேச்சு நடந்தது. அம்மா அழுதது வெளியே கேட்டது. மாமா குரல் கேட்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நத்தம் ரோட்டுக்குப் போவது நின்றது. பேட்டரி இல்லாமல் அங்கே போய் என்ன செய்வது என்று நான் சமாதானம் ஆகிவிட்டேன்.

பத்திரிகை வந்த அன்று எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து மூலைகளில் மஞ்சள் தடவினோம். மாமாவும் தடவினார். அப்பா பெயர்களை வாசிக்க வாசிக்க, கவர் மேல் எழுதுகிற வேலை எனக்கு. பட்டியல் முடிந்த பிறகும் அந்த அக்காவின் பெயர் வரவில்லை. பெரியவர்கள் மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். வீட்டுக்கே வந்து உதவி செய்தவரை விடலாமா? ஒரு கவரை எடுத்து, அவர் பெயரைக் கோடு போட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி, மேலே மஞ்சள் வைத்து, மாமா கையில் கொடுத்தேன்.

"இந்தாங்க மாமா. மறந்துட்டீங்க."

மாமா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நல்லா எழுதியிருக்க" என்று என் தலையைத் தடவினார். மாமாவே பாராட்டிய கையெழுத்து என்று அந்த வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.