மறுகாலில் கட்டிய நெத்திலி வலை

எங்கள் ஊர்க் குளத்தைக் கெடுத்தது வெளியூர்க்காரன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நாங்கள்தான் கெடுத்தோம். தருவைகுளத்துக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். எல்லா வீட்டு வாசலும் கடலைப் பார்த்திருக்கும். குளம் முதுகுப்பக்கம் கிடந்தது. கிழிந்த வலை, உடைந்த மீன்பெட்டி, கோழிக்கழிவு எல்லாம் அங்கேதான் போனது. மேற்கிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடையைச் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டது. மழைத் தண்ணீர் உப்பளங்களில் பாய்ந்து கடலில் விழுந்தது. குளம் வற்றிய பிறகு கிணறுகள் ஒவ்வொன்றாக உப்பாயின. குடிக்க மட்டும் லாரித் தண்ணீர். சமைக்க, குளிக்க எல்லாம் உப்புக் கிணறுதான். சோப்பு நுரைக்காது. என் தலைமுடி விளக்குமாறு மாதிரி நிற்கும். அதைச் சொல்லிச் சிரித்ததற்காகப் பள்ளிக்கூடத்தில் மூன்று பேரை அடித்திருக்கிறேன்.

குளத்தைச் சரி செய்யலாம் என்று முதலில் சொன்னது அம்மா. எங்கள் ஊர் கத்தோலிக்க ஊர், ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்ததும் ஆண்கள் தூங்குவார்கள், இல்லாவிட்டால் சீட்டாடுவார்கள். அந்த ஞாயிறுகளைத்தான் அம்மா கேட்டாள். முதல் வாரம் பெண்கள் மட்டும் அரிவாளோடு போனார்கள். மீன்பிடிக்கிறவனுக்கு எதற்குக் குளம், எருமை வாங்கப் போகிறோமா என்று ஒருவர் கேட்டார். "அண்ணாச்சி, நீரு வாரத்துல ஒருநாளாவது குளிக்கணும்லா, அதுக்குத்தான்" என்றாள் அம்மா. அடுத்த வாரம் பத்து ஆண்கள் வந்தார்கள். அந்த அண்ணாச்சியும் வந்தார்.

ஈஸ்டருக்கு முந்தைய தவசுக்காலத்தில் தொடங்கிய வேலை மழைக்காலம் வரை இழுத்தது. முள்ளை வெட்டி ஓடையைத் திறந்தார்கள். குப்பையை அள்ளினார்கள். எங்களில் எவனோ லாரியில் மண் அள்ளிப் போனதில் கரை ஓரிடத்தில் பள்ளமாகக் கிடந்தது. அந்த இடத்தை மண்மூட்டை அடுக்கிக் களிமண் பூசி அடைக்கவே ஐந்து ஞாயிறு ஆனது. அம்மாவின் உள்ளங்கை கிழிந்து புண்ணாகியது. எனக்குக் குளத்தின் மேல் கோபம்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோறு சாயங்காலம்தான் கிடைத்தது.

ஐப்பசி மழையில் ஓடை ஓடியது. அப்போது மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எங்கிருந்தோ இரண்டு குடம் நிறையக் கெண்டைக் குஞ்சு கொண்டுவந்து குளத்தில் விட்டார். குளத்தைச் சீண்டாத மனிதர், மீன் விட்ட நாளிலிருந்து தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்தது. குளம் நிறைந்தது. மிச்சத் தண்ணீர் வழிந்து கடலுக்குப் போவதற்குக் கரையில் கல் கட்டிய ஒரு வாசல் உண்டு. மறுகால் என்பார்கள். மறுகால் பாய்வதை என் வயதுக்காரர் யாருமே பார்த்ததில்லை. சனிக்கிழமை சாயங்காலம் நானும் மாமாவும் பார்க்கப் போனோம். தண்ணீரோடு விரல் நீளக் கெண்டைகளும் துள்ளிக்கொண்டு போயின. மாமாவுக்குப் பொறுக்கவில்லை. கண் முன்னால் மீன் தப்பிப் போனால் எங்கள் ஆட்கள் யாருக்கும் பொறுக்காது. வீட்டுக்கு ஓடிப்போய்ப் புது நெத்திலி வலையைத் தூக்கி வந்தார். நெத்திலி வலை கண் பொடியானது, கொசுவலை மாதிரி. அதை இரண்டு மடிப்பாக மறுகால் முழுக்க இழுத்துக் கட்டினார். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன்.

"ஏளா, ஒங்கம்மைட்ட மூச்சு விடப்பிடாது. விட்டேன்னா வள்ளத்துல ஏத்த மாட்டேன்" என்றார்.

கடலுக்குப் போகிற வள்ளத்தில் பெண்பிள்ளையை ஏற்ற மாட்டார்கள். ஏற்றுகிறேன் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். வாயைக் கட்டிக்கொண்டேன்.

கடலில் வலை போட்டால் தண்ணீர் சுற்றிக்கொண்டு போய்விடும். குளத்துக்கு வேறு வழி கிடையாது. ஓடையில் வந்த சருகும் கருவேலங்குச்சியும் வலையில் அப்பிக்கொள்ளும் என்று மாமாவுக்குத் தெரியவில்லை. அவர் வாழ்நாளில் சருகை வலையில் பார்த்ததில்லை.

ஞாயிறு காலை பூசைக்கு முன்னால் மீன் பார்க்க ஓடினேன். மறுகாலில் தண்ணீர் ஒழுகக்கூட இல்லை. வலை சுவர் மாதிரி நின்றது. குளம் கரையின் விளிம்புவரை ஏறியிருந்தது. அம்மா அடைத்த இடத்தில் மண்மூட்டைகளுக்கு இடையே கலங்கலாக ஒரு நூல் ஒழுகிக்கொண்டிருந்தது. கரைக்குக் கீழேதான் எங்கள் தெரு.

கோயிலில் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். மாமா எதிர்ப்பக்கம், ஆண்கள் வரிசையில், வெள்ளைச் சட்டையில் பக்திமானாக இருந்தார். எனக்கு வள்ளம் ஞாபகம் வந்தது. அம்மாவின் கை மடியில் கிடந்தது. புண் ஆறியும் தோல் காய்த்துப்போயிருந்தது. காதில் சொல்லிவிட்டேன்.

அம்மா எழுந்தாள். பிரசங்கத்தின் நடுவில், அத்தனை பேர் பார்க்க, ஆண்கள் பக்கம் போய் மாமாவின் காலரைப் பிடித்தாள். "ஏலே, எந்திரி. குளம் ஒடையப் போவுது" என்றாள். அவ்வளவுதான், கோயில் காலியானது. சாமியாரும் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

மாமா இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். பாரம் இழுத்ததில் முடிச்சு இறுகிவிட்டது. யாரோ கத்தியைக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு சும்மா நின்றார். புது வலை. தன் கையால் வலையை வெட்டிய ஆள் எங்கள் ஊரில் இல்லை.

"யக்கா, இன்னும் ஒரே ஒரு முடிச்சு."

"ஒன் வலை போனா பின்னிக்கிடலாம்லே. கரை போனா திரும்பக் கட்ட யாரக் கூட்டிட்டு வருவ? வெட்டு."

வெட்டினார். சருகும் குச்சியும் மீனும் மாமாவின் ஒரு செருப்பும் ஒன்றாகப் பாய்ந்து போயின. ஆண்களும் பெண்களும் பூசை உடுப்போடு களிமண் அள்ளி ஒழுகிய இடத்தில் அப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஒரு சாண் இறங்கியது. ஒழுக்கு நின்றது. கரை நின்றது. அம்மா சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மாமா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். பூசை மத்தியானம் மறுபடி நடந்தது, சேற்றோடு.

தை மாதம் ஒருநாள் காலையில் அம்மா கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். ஒரு வாய் வைத்தேன். ஒன்றுமே இல்லை. சப்பென்று இருந்தது.

"கஞ்சில உப்பே இல்ல" என்று கும்பாவைத் தள்ளினேன்.

எங்கள் வீட்டில் கஞ்சிக்கு உப்புப் போடும் பழக்கமே கிடையாது. கிணற்றுத் தண்ணீரில் இருந்த உப்பே போதும். அம்மா கும்பாவை எடுத்து ஒரு வாய் குடித்தாள். என்னைப் பார்த்தாள். வாசலுக்குப் போய் மாமாவைக் கூப்பிட்டாள். அவர் குடித்துவிட்டு அடுத்த வீட்டில் கொடுத்தார். அங்கிருந்து அது அண்ணாச்சி வீட்டுக்குப் போனது. ஆளாளுக்கு ஒரு வாய் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். திரும்பி வந்தபோது கும்பாவில் ஒரு சோற்றுப் பருக்கைகூட இல்லை.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் கஞ்சியை ஊரே குடித்துவிட்டதே என்று நான் தரையில் புரண்டு அழுதேன். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள்.