மஞ்சப்பையும் மாப்பிள்ளை அழைப்பும்

கல்யாணத்தில் எல்லோரும் கேமராவுக்கு முகத்தைக் காட்டுவார்கள். போலீஸ் சோதனையில் முதுகைக் காட்டுவார்கள். இரண்டையும் வீடியோ எடுத்துத் தோள்பட்டை இறங்கிப்போன சகாக்களே, உங்களுக்குத்தான் இது புரியும். செல்லூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். வீட்டைச் சோதனை போட்டால் வீடியோ எடுத்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பியாக வேண்டும் என்று புதுச் சட்டம் வந்ததும், ஒரு எஸ்.ஐ. என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். அவர் மகள் கல்யாணத்தை எடுத்தவன் நான். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். தினமும் அந்த வழியாகத்தான் ஹெல்மெட் இல்லாமல் போகிறேன்.

சிரிங்க

முதல் சோதனை மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு குட்கா குடோனில். மூட்டைகளை அடுக்கி, பக்கத்தில் பிடிபட்டவரை நிறுத்தினார்கள். ஃபோகஸ் வைத்ததும் பழக்க தோஷத்தில் என் வாய் முந்திக்கொண்டது. தலையை நிமிர்த்துங்க, லேசாச் சிரிங்க என்றேன். எஸ்.ஐ. பல்லைக் கடித்தார். பிடிபட்டவர் மட்டும் உண்மையான அக்கறையோடு கேட்டார்: "சிரிச்சா ஜாமீன் கெடைக்குமாண்ணே?"

டீ

பேரையூர்ப் பக்கம் ஆடு திருடியதாக ஒருவரைப் பிடித்து, விசாரணையையும் எடுக்கச் சொன்னார்கள். தனக்கு எதிராகத் தானே பேச வேண்டியதில்லை என்று வக்கீல் சொல்லிக்கொடுத்திருந்தார் போல. ஊரைக் கேட்டாலும் ஆட்டைக் கேட்டாலும் மனிதர் சுவரையே பார்த்தார். வேறு வழியில்லாமல் நானும் கொஞ்ச நேரம் சுவரை எடுத்தேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன எஸ்.ஐ. எல்லோருக்கும் டீ வரவழைத்தார். ஒரு வாய் குடித்ததும் பிடிபட்டவர் வாயைத் திறந்தார். எல்லோரும் முன்னால் சாய்ந்தோம். "சார், பேசாம இருக்கிறது கேஸுக்கு மட்டுந்தான். டீல சீனியே இல்ல."

மாப்பிள்ளை அழைப்பு

பாண்டி எங்கள் ஏரியாவில் தறி ஓட்டுகிறவன். அடுத்த மாதம் கல்யாணம். செல்போன் கடைத் திருட்டில் அவனைப் பிடித்துவிட்டார்கள். ஜெயிலுக்குப் போனால் பெண் கிடையாது என்று பெண் வீட்டார் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள்.

அவன் வீட்டைச் சோதனை போடும்போது, உள்ளே போய்த் தான் சொன்ன பிறகுதான் கேமராவை ஆன் செய்ய வேண்டும் என்று எஸ்.ஐ. சொல்லியிருந்தார். ஆனால் மாப்பிள்ளை காரை விட்டு இறங்குவதை எடுக்காமல் விட்டவனுக்கு நம் தொழிலில் சோறு உண்டா? ஜீப் நின்றதுமே கை தானாக ஆன் செய்துவிட்டது. எஸ்.ஐ. இறங்குகிறார், பின்னால் ஏட்டு, ஏட்டு கையில் தாம்பூலப் பை மாதிரி ஒரு மஞ்சப்பை. உள்ளே நான் அடுப்படியை எடுத்துக்கொண்டிருந்தபோது, பரணில் மஞ்சப்பை கிடைத்துவிட்டதாகச் சத்தம் வந்தது. அதே பை. உள்ளே செல்போன்கள். பாண்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மெமரி கார்டை அங்கேயே கவரில் போட்டு, சாட்சிகள் கையெழுத்தோடு அரக்கு வைத்தார்கள். ஜீப் நின்றதிலிருந்தே எல்லாம் அதற்குள் இருக்கிறது என்று எனக்கு மட்டுந்தான் தெரியும். வாயைத் திறந்தால் கவரையும் திறந்துவிடுவார்கள். அதனால் சுவரைப் பார்த்தேன். பேசாமல் இருக்கிற உரிமை எனக்கும் உண்டுதானே. ஏட்டு மட்டும் மீசையைத் தடவிக்கொண்டு என் பக்கத்தில் வந்தார்: "மாப்ள, என் மூஞ்சி நல்லா விழுந்துச்சா?"

முழுப் படம்

மறுநாள் பாண்டியை ரிமாண்டுக்குக் கொண்டுபோனார்கள். வீடியோ எடுத்தவன் என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். மாஜிஸ்திரேட் அம்மா கவரைப் பிரித்து, லேப்டாப்பில் முதலிலிருந்து பார்த்தார். நான் எடுத்த வீடியோவை ஓட்டிவிடாமல் பார்த்த முதல் ஆள் அவர்தான். ஜீப் வந்த இடத்தில் நிறுத்தி, பரணில் கிடைத்த பை வாசலிலேயே ஏட்டு கையில் எப்படி இருந்தது என்று எஸ்.ஐ.யைக் கேட்டார். இந்தத் தடவை சுவரைப் பார்த்தது எஸ்.ஐ. ரிமாண்ட் கிடையாது, வீட்டுக்குப் போகலாம் என்று மாஜிஸ்திரேட் அம்மா பாண்டியிடம் சொன்னார். எனக்கு விசிலடிக்க வேண்டும் போலிருந்தது. வெளியே வந்து பாண்டி என் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு கையெடுத்துக் கும்பிட்டான். "என் கல்யாணத்துக்கும் நீங்கதாண்ணே. ஒண்ணையும் வெட்டிப்புடாதீங்க."

நீளம், நீளம், வெட்டு என்று திட்டு வாங்கியே காலம் தள்ளுகிற நம்மை, வெட்டாமல் விட்டதற்காக ஒருவன் கையெடுத்துக் கும்பிட்டான் என்றால், அந்தப் புதுச் சட்டம் நல்ல சட்டமாகத்தான் இருக்க வேண்டும்.