டிவிக்குள் இறங்கிய பனி

புத்தளம் டவுனில் கம்பியூட்டர் திருத்துபவன் நான். கடல் என்றாலே எனக்கு வயிற்றைப் புரட்டும். என் அக்காவை ராத்தா என்பேன். அவருடைய கணவரோ பள்ளிவாசல்துறையில் சொந்தப் போட் வைத்து மீன் பிடிப்பவர். போன பெருநாளைக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மறுநாள் என்னைக் கடலுக்குக் கூட்டிப்போயே தீருவதென்று மச்சான் ஒற்றைக் காலில் நின்றார். அவருடைய ஆட்களுக்கு முன்னால் வாந்தி எடுத்தால் என் மானம் என்ன ஆவது?

திருத்தத் தந்தவர் திரும்பி வராமல் என்னிடமே தங்கிவிட்ட பழைய கேம் மெஷின் ஒன்று கையில் இருந்தது. அதில் படகுப் பந்தயம் உண்டு.

“இதுல நீங்க முந்தினா நான் கடலுக்கு வாரன். நான் முந்தினா என்ன உட்டுரணும்” என்றேன்.

“ஓம், வாங்க” என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்த விளையாட்டைச் செய்தவர்கள் மெஷினின் சக்தியில் பெரும்பகுதியை அலைக்கே கொடுத்திருந்தார்கள். படகை உண்மையாகவே தூக்கிப் போடும் அலை. மற்ற எல்லாவற்றிலும் கஞ்சத்தனம். படகுகள் நாலே நாலு. இருவர் விளையாடத் திரையைப் பாதியாக்கினால் மிச்ச இரண்டும் காணாமல் போய்விடும். தூரத்தில் இருப்பதை வரையச் சக்தி போதாது, அதை மறைக்கப் பனியைப் பூசிவிட்டார்கள். கிட்டப் போனால்தான் பாறையே முளைக்கும். இதைப் பற்றியெல்லாம் நான் மச்சானிடம் மூச்சு விடவில்லை.

முதல் வளைவு வரை அவர்தான் முன்னால். அலையில் அவர் சாய்ந்து ஏறிய லாவகத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. பனியைக் கண்டதும் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். படகு நின்றது.

“என்ன மச்சான், ஓடல்லையா?”

“பனி கலையட்டும். கண் தெரியாம இஞ்சின முறுக்கேலுமா?”

எங்கே கலைய? அவர் பொறுமையாகக் காத்திருக்க, நான் மூன்று சுற்றையும் முழு வேகத்தில் முடித்துவிட்டு, வெட்கமில்லாமல் எழும்பி ஆடினேன்.

மச்சான் சிரிக்கவில்லை. குசினியில் சமைத்துக்கொண்டிருந்த ராத்தாவைக் கூப்பிட்டார்.

“ஒன்ட தம்பிய இனி ஒருநாளும் என்ட போட்டுல ஏத்த மாட்டன். பனிக்குள்ள கண்ண மூடிட்டு ஓடுறாரு. ஆக்களச் சாகடிச்சிடுவாரு.”

“அது மெஷின்ட பனி மச்சான், ஓடுற வழியில ஒண்டுமே இல்ல” என்றேன்.

“போய்ப் பாத்த பொறகுதானே அது தெரியும்.”

நான் கேட்டதுதான் கிடைத்தது. ஆனாலும் சுருக்கென்றது. மறுநாள் விடிய அவருடைய ஆட்கள் போட்டில் ஏறினார்கள். நான் எண்ணெய்க் கேனைத் தூக்கிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு, “நீங்க வீட்ட போங்க” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.