மகளுக்குத் தட்டைப் பாதம்

நீலகிரி மலையில், எங்கள் நடுவட்டத்துக் குளிரில் பிள்ளைகளின் பாதத்தை யார் பார்க்கிறோம்? எழுந்ததும் சாக்ஸ், படுக்கும்போதும் சாக்ஸ். நான்கு வயது சஞ்சனாவின் சேற்றுக் காலைக் கழுவிய பால்வாடி டீச்சர்தான் முதலில் கவனித்தார்.

“ஏனுங்கக்கா, பாப்பாவுக்குப் பாதத்துல குழியே இல்லீங்களே?”

சாயங்காலம் மேடேறும்போதெல்லாம் “தூக்கும்மா” என்பாளே, இதனால்தானா? தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்குக் கால் சரியில்லை என்றால் என்ன கதி?

பழைய ஸ்வெட்டரின் கையை வெட்டிச் சுருட்டி, அவள் ஷூவுக்குள் முட்டுக்கொடுத்து வைத்தேன். பாதம் மேலே எழும்பும் என்று நினைப்பு. எழும்பியது கொப்புளம்தான். “நீயே டாக்டராயிட்டியா? கெளம்பு ஊட்டிக்கு” என்று கத்தினார் என் வீட்டுக்காரர்.

எலும்பு மருத்துவர் ஒரு பெண். உட்காரும் முன்பே கேட்டுவிட்டேன்: “ஆபரேஷன் பண்ணோணுமுங்களா?”

அவர் அலமாரி மேலிருந்த பொம்மையை எடுக்கும்படி சஞ்சனாவிடம் சொன்னார். அவள் குதிகாலைத் தூக்கி எக்கினாள். “குனிஞ்சு பாருங்கம்மா” என்றார். பாதத்தின் உள்பக்கம் அழகாக ஒரு வளைவு எழும்பியிருந்தது. என் ராசாத்தி! அங்கேயே அழுதுவிட்டேன்.

அது நெகிழ்வான தட்டைப் பாதமாம் (நிற்கும்போது வளைவு மறையும், எக்கினால் தெரியும்). இந்த வயதில் நிறையப் பிள்ளைகளுக்கு அப்படித்தான், வளர வளரப் பெரும்பாலும் தானாக வளைவு வந்துவிடும் என்றார். வெயில் அடிக்கும்போது புல்லில் வெறுங்காலோடு விடச் சொன்னார். வலித்தாலோ, பாதம் விறைப்பாக இருந்தாலோ உடனே காட்ட வேண்டும். உங்கள் பிள்ளைக்கும் அப்படி வலியோ விறைப்போ இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

“மேடு வந்தா தூக்கச் சொல்றாளுங்களே?”

“நாலு வயசுப் பிள்ளை வேற என்னம்மா சொல்லும்?”

“வளைவு வராமலே போயிட்டா?”

“உங்க காலைக் காட்டுங்க.”

கூச்சத்தோடு சாக்ஸைக் கழற்றி நின்றேன். இரண்டும் பலகைதான். இத்தனை வயதில் நான் அதைப் பார்த்ததே இல்லை.

“என்ன வேலைம்மா?”

“கொழுந்து பறிக்கிறேனுங்க.”

“மத்தவங்களவிடக் கால் வலிக்குதா?”

“இல்லீங்க. செங்குத்தான தேயிலைக் காட்டுக்கெல்லாம் கங்காணி என்னையத்தான் அனுப்புவாரு.”

டாக்டர் சிரித்துவிட்டார். “அப்புறம் என்ன?” என்றார்.

இப்போதெல்லாம் நான் தினமும் வளைவைத் தேடுவதில்லை. வருகிறபோது வரட்டும், வராவிட்டாலும் போகட்டும். வேலை முடிந்து வந்ததும் இருவரும் ஒரே தொட்டியில் வெந்நீர் ஊற்றிக் கால் நனைக்கிறோம். நேற்று அவள் தன் பாதத்தை என் பாதத்தின் மேல் வைத்துப் பார்த்தாள்.

“அம்மா, உன்ற காலும் என்ற காலும் ஒண்ணு.”

“ஆமாஞ் சாமி, நல்ல காலு” என்றேன். என் காலைப் பற்றி அதுவரை நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.