சால்வைக்காரனும் கௌரி அக்காவின் முகூர்த்தப் புடவையும்

வீடியோ கேம் கேசட்டின் அடிப்பக்கத்தை வாயருகே வைத்து ஊதும்போது உதட்டில் ஒட்டிக்கொள்ளும் பித்தளை ருசி, இன்றும் இரண்டு கையிலும் பையைப் பிடித்துக்கொண்டு வீட்டுச் சாவியைப் பல்லில் கவ்வும்போதெல்லாம் எனக்குத் திரும்ப வந்துவிடுகிறது. ஊதினால் கேசட் ஓடும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று பிற்பாடு எங்கோ படித்தேன். அதை எழுதியவர் ஆரணித் தூசியைப் பார்த்ததில்லை.

ஆரணிக்குப் பக்கத்துச் சேவூரில் எங்கள் தெருவில் அந்த விளையாட்டுப் பெட்டி இருந்தது எதிர்வீட்டு கௌரி அக்கா வீட்டில் மட்டும்தான். அக்காவுக்கு அப்போது இருபது வயது, எனக்குப் பதினொன்று. முன்னறையில் டிவி, பின்னறையில் அவள் அப்பாவின் பட்டுத்தறி. தறிச் சத்தத்துக்கு ஏற்ற தாளத்தில் பட்டனைத் தட்டினால் உயிர் போகாது என்பது எங்களுக்குள் இருந்த ரகசிய நம்பிக்கை. "பொட்டப்புள்ளைங்க பட்டனத் தட்டிகினு கீதுங்க, கண்ணு பூத்துடப் போவுது, ஜல்தி அணைங்கடீ" என்று அவள் அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். நாங்களும் "இதோ" என்று சொல்லிக்கொண்டே இருப்போம்.

எங்கள் நாயகனுக்குப் பெயர் இருந்திருக்கலாம். கேசட்டின் மேல் ஒட்டியிருந்த காகிதம் கிழிந்துபோயிருந்ததால் எங்களுக்குத் தெரியாது. முதுகில் சிவப்புத் துணி பறக்க, பத்துப் பதினைந்து கட்டங்களால் ஆன குட்டி மனிதன். யாரோ மேடையில் போர்த்திய பொன்னாடையைக் கழற்ற மறந்து ஓடி வந்தவன் போலிருந்ததால் ‘சால்வைக்காரன்’ என்று பெயர் வைத்தோம். இன்றைய சூப்பர் ஹீரோக்களைப் பற்றி என் குறைகளைக் கேட்டால் நண்பர்கள் எழுந்து போய்விடுவார்கள், ஆனாலும் சொல்கிறேன்: அவர்கள் அதிகம் பேசுகிறார்கள், சண்டைக்கு முன்னும் பின்னும் தங்கள் சோகத்தை விளக்குகிறார்கள், போதாக்குறைக்கு நெசவுத் தெருவில் பிறந்தவள் கண்ணுக்கு அவர்கள் சால்வை எல்லாம் ஒரு சலவைக்குக்கூடத் தாங்காத துணி. புது விளையாட்டுகளிலோ நாயகனின் மயிர்க்கால் வரை காட்டிவிடுகிறார்கள், நாம் நினைத்துக்கொள்ள எதையும் மிச்சம் வைப்பதில்லை. சால்வைக்காரனுக்குக் கண் என்பதே ஒரு கட்டம். அதில் அவன் பயப்படுவது எங்களுக்குத் தெரிந்தது.

அவன் பயந்தது கடைசிப் பள்ளத்துக்கு. இரண்டு கோட்டைச் சுவர்களுக்கு நடுவே ஒரு பெரிய இடைவெளி, அதைத் தாண்டினால் ஆட்டம் முடியும். விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி அந்தக் காலத்துப் பெட்டியில் கிடையாது. காலையிலிருந்து உயிரைக் கொடுத்து அங்கே போய்ச் சேர்ந்தால், ஒன்று விழுவான், இல்லாவிட்டால் கரண்ட் போகும். இப்படியே இருக்கும்போது கௌரி அக்காவுக்குக் கலசப்பாக்கத்தில் மாப்பிள்ளை முடிவானது. அக்கா போவதற்குள் ஒரு முறையாவது அவன் அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அந்த வருடம் வேறு வேண்டுதல் இல்லை.

எங்கள் பக்கத்தில் பெண்ணின் முகூர்த்தப் புடவையைச் சொந்தத் தறியில் நெய்வது பெருமை. அக்காவின் அப்பா நெய்ய, என் அப்பா டிசைன் போட்டார். அப்பாவுக்குத் தொழிலே அதுதான்: கட்டம் போட்ட தாளில் மயிலும் மாங்காயும் வரைவார், அதைப் பார்த்து ஒருவர் அட்டையில் துளை போடுவார், அந்த அட்டை தறிக்கு மேலே ஏறிச் சுற்றச் சுற்ற ஜரிகையில் மயில் விழும். அப்பா வைத்திருந்த சட்டம் ஒன்றுதான். பென்சிலில் இருப்பது யோசனை, சிவப்பு மையில் இருப்பது முடிவு. அட்டை போடுகிறவர் சிவப்பை மட்டும் பார்ப்பார், எதையும் கேட்கமாட்டார்.

அப்பா பார்டரை முடித்துவைத்துவிட்டு வேண்டுதலுக்காகப் பத்து நாள் தங்கப் படவேடு கோயிலுக்குப் போயிருந்தார். தாளில் இரண்டு மயில்களுக்கு நடுவே காலியாக இருந்த இடம் எனக்கு அந்தப் பள்ளமாகவே தெரிந்தது. டிவியில் விழுகிறவன் இங்கேயாவது விழாமல் இருக்கட்டும் என்று, பாய்ந்து பறக்கும் சால்வைக்காரனைக் கட்டம் கட்டமாக நிரப்பினேன். அவன் சால்வை சிவப்பு. அதனால் சிவப்புப் பேனாவை எடுத்தேன். அன்று சாயங்காலமே அட்டைக்காரர் வந்து தாளை வாங்கிப் போனதை மறுநாள் காலையில்தான் அம்மா சொன்னாள். வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்பா திரும்பி வந்து எதிர்வீட்டுத் தறியைப் பார்க்கப் போனபோது நானும் பின்னாலேயே போனேன். முழத்துக்கு மேல் நெய்தாகிவிட்டிருந்தது. ஒருவன் இல்லை, ஒவ்வொரு மயில் ஜோடிக்கும் நடுவே ஒருவன், ஜரிகையில் மின்னிக்கொண்டு. "புதுசா கீதுபா" என்று அக்காவின் அப்பா பாராட்டினார். என் அப்பாவின் முகம் செத்துவிட்டது. முகூர்த்தப் புடவைக்காகத் தறியில் ஏற்றிய பாவு நூலில் ஒரு முறை நாடா ஓடி நெசவு தொடங்கிவிட்டால் நடுவில் அறுக்கக் கூடாது என்பார்கள், அறுத்தால் கல்யாணத்துக்கு ஆகாதாம். மாப்பிள்ளை வீட்டார் சிரித்தால் போவது அப்பாவின் பெயர். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "பென்சிலு இருக்கச்சொல்ல சிவப்ப ஏம்மா தொட்ட?" என்றார். அதட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மெதுவான குரலுக்கு அழுதுவிட்டேன்.

கௌரி அக்கா வந்து தறியில் குனிந்து பார்த்தாள். முதலில் கண் விரிந்தது, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நைனா, அப்படியே நெய்யி. இவன் என்னோட வரட்டும்" என்றாள். கல்யாணப் பெண் சொன்ன பிறகு மறுபேச்சு இல்லை.

முகூர்த்தம் முடிந்ததும் மாப்பிள்ளையின் அத்தை பார்டரைக் கையில் எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனார். என் அப்பா தூணோடு தூணாக நின்றார். "இன்னாம்மா இது, மயிலுக்கு நடுவுல?" என்று அத்தை கேட்டார். "அனுமாருங்க. கடல தாண்டிகினு கீறாரு" என்றாள் அக்கா, கண் இமைக்காமல். அத்தை பார்டரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்த மாதமே அப்பாவிடம் நாலு வீட்டிலிருந்து ‘அனுமார் பார்டர்’ கேட்டு வந்தார்கள். அப்பா சிரிக்காமல் போட்டுக் கொடுத்தார், வால் மட்டும் சேர்த்து. அக்கா சொன்னதில் தப்பும் இல்லை. துணி பறக்க, நம்பி ஒரே தாவாகத் தாவுகிறவனுக்கு எந்த ஊரில் என்ன பெயர் வைத்தால் என்ன?

டிவியில் அவன் கடைசிவரை அந்தப் பள்ளத்தைத் தாண்டவே இல்லை. இப்போது அந்தப் பெட்டி இல்லை, கேசட் இல்லை, ஊதுவதற்கு எதுவுமே இல்லை. அப்பாவின் கட்டங்களும் கணினிக்குள் போய்விட்டன, அங்கே தப்பானதை ஒரு விரலால் அழித்துவிடலாம். போன பொங்கலுக்குக் கலசப்பாக்கம் போயிருந்தேன். யாரோ அந்தக் கடைசிப் பள்ளத்தைத் தாண்டும் வீடியோ இணையத்தில் இருக்கிறது என்று அக்காவின் மகன் தேடி எடுத்துப் போனை எங்கள் முன்னால் நீட்டினான். நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பீரோவைத் திறந்து அந்தப் புடவையை என் மடியில் விரித்தாள்.

"பாரு" என்றாள். "இத்தினி வருசமா தாண்டிகினே கீறான். ஒருத்தனும் வுழல."