கம்பியில் தொங்கிய வௌவால் குட்டி

சின்ன காஞ்சிபுரத்தில் மின்கம்பம் ஏறும் வேலாயுதத்தைத் தெருக்காரர்கள் லைன்மேன் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பதை நெருங்குகிறவர். அதிகம் பேசமாட்டார். இடது கையில் சுண்டுவிரல் கிடையாது. முன்பொரு முறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு மேலே வேலை செய்துகொண்டிருந்தபோது, யாரோ வீட்டில் ஓடவிட்ட ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் கம்பியில் திரும்பிப் பாய்ந்துவிட்டது. விரல் அப்போது போனதுதான். பெல்ட்டில் நினைவின்றித் தொங்கியவரை, தறியை விட்டு ஓடிவந்த இரண்டு பேர் ஏணி போட்டு இறக்கினார்கள்.

சென்ற பங்குனியில் ஒரு காலை, தெருவில் மின்சாரம் போனது. இலுப்பை மரத்தை ஒட்டிய கம்பிகளுக்கு நடுவே பழந்தின்னி வௌவால் ஒன்று இறக்கை விரித்தபடி செத்துத் தொங்கியது. வேலாயுதத்துக்கு இது புதிதல்ல. லைனை நிறுத்திவிட்டு ஏறி, கம்பால் தட்டிவிட்டால் வேலை முடிந்தது. அன்றும் கம்பை நீட்டினார். செத்த தாயின் மார்பில் ஒரு சின்னத் தலை அசைந்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

"இன்னா சார் பாத்துக்கினு இருக்கீங்க? தட்டி வுடுங்க," என்று கீழிருந்து நெசவாளி கோதண்டபாணி கத்தினார். "கல்யாணப் புடவை சார். லைட்டு இல்லாம ஜரிகை தெரியல."

"குட்டி உயிரோட இருக்குதுபா. கொஞ்சம் பொறுங்க."

"ஐயோ, அத்த தொடாதீங்க! நோயைக் கொண்டாந்துடும்."

வேலாயுதம் கையுறை போட்டிருந்தார். தாயைக் கம்பியிலிருந்து மெல்ல விடுவித்து, குட்டியோடு சேர்த்துத் துண்டில் பொதிந்து, கருவிப் பையில் வைத்துக் கயிற்றில் இறக்கினார். கீழே கூடியிருந்தவர்கள் விலகினார்கள். கோதண்டபாணி மட்டும் உள்ளே போய், புடவை அடுக்கும் அட்டைப்பெட்டி ஒன்றில் காற்றோட்டத்துக்கு ஓட்டைகள் குத்திக் கொண்டுவந்து, தள்ளி நின்று நீட்டினார். வேலாயுதம் துண்டோடு இரண்டையும் அதில் வைத்தார்.

மின்சாரம் வந்த பிறகு வேலாயுதம் வனத்துறைக்குப் போன் செய்தார். இளவரசி என்ற வனக்காவலர் பேசினார்.

"கடிச்சுதா சார்? நகம் கீறுச்சா?"

"இல்லம்மா."

"வெறுங்கையால தொடாதீங்க. பாலு, தண்ணி எதுவும் ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போயிடும். பெட்டியை மூடி, இருட்டா, கதகதப்பா வச்சிடுங்க. அடிக்கடி தொறந்து பாக்காதீங்க. வாலாஜாபாத்துல இருக்கேன், வந்துடறேன்."

பெட்டியோடு வீட்டுக்குப் போனபோது, உள்ளே வௌவால் வரக்கூடாது என்று மனைவி கலாவதி முதலில் வாசலிலேயே தடுத்துவிட்டார். பெட்டி முன்பக்கத்து நிழலில் இருந்தது. சற்று நேரத்தில் அதற்குள்ளிருந்து கீச்சென்று சத்தம் வந்தது. விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது. கலாவதி கிண்ணத்தில் பாலோடு வந்து நின்றார்.

"பசியில கத்துதுங்க. ரெண்டு சொட்டு வுடட்டுமா?"

"வேணாம்மா. நாம குடுத்தா செத்துடும்னு சொல்லிட்டாங்க."

"அதுக்காக இப்படியே கேட்டுக்கினு உக்காந்திருக்கறதா?"

கலாவதியும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பால் ஆறி ஏடு கட்டியது.

இளவரசி வந்து பெட்டியைத் திறந்தார். தாயின் காம்பைக் கவ்வியிருந்த குட்டியைப் பொறுமையாக விடுவித்தார். ஒரு கால் கருகியிருந்தது.

"சென்னையில வனவிலங்குகளுக்கு வைத்தியம் பாக்கற எடத்துக்கு அனுப்பறேன் சார். ஆனா பொழைக்கறது கஷ்டம். இப்பவே சொல்லிடறேன்."

தாயை ஆழமாகப் புதைக்கச் சொல்லிவிட்டுக் குட்டியோடு கிளம்பினார். வேலாயுதம் கொல்லையில் குழி தோண்டினார்.

வாரம் முடிவதற்குள் இளவரசியிடமிருந்து போன் வந்தது. கேட்டுவிட்டு, "சரிம்மா, சொன்னீங்களே, அது போதும்," என்றார் வேலாயுதம். கலாவதி அவர் முகத்தைப் பார்த்தார். அன்று இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இலுப்பை மரத்தருகே கம்பிகளுக்கு உறை போட வேண்டும் என்று அவர் மேலதிகாரியிடம் கேட்டார். போட்டார்கள். மற்ற தெருக்களில் வௌவால்கள் இன்னும் செத்துத் தொங்குகின்றன. இப்போதெல்லாம் அவர் கம்பை எடுக்கும் முன் பக்கத்தில் போய்ப் பார்க்கிறார்.

சித்திரையில் இன்னொரு குட்டி கிடைத்தது. அதற்குக் காயமில்லை. அது பழம் தின்னத் தொடங்கிவிட்டதாக இளவரசி சொன்னபோது, கலாவதி பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"இன்னா பழமாம்?"

"வாழப்பழமாம்."

"கொய்யாவும் குடுக்கச் சொல்லுங்க," என்றார் கலாவதி.