வாயில் புளி மிட்டாய்

என் மகள் பிறந்தபோது அழவில்லை. சில நிமிடங்கள் மூளைக்கு ஆக்சிஜன் போகவில்லை என்றார் டாக்டர். அதன் விளைவு என்னவென்று அவள் வளர வளரத்தான் தெரிந்தது. நான்கு வயதில்தான் நடந்தாள். வலது கை விரல்கள் மடங்கியே இருக்கும். வார்த்தை வாய்வரை வந்து, அங்கே கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் வெளியே வரும். புத்தியில் ஒரு குறையும் இல்லை. வாய்த்துடுக்கிலும் இல்லை.

நானோ கண்டக்டரிடம் நிறுத்தம் கேட்கவே கூசுகிறவள். ஆனால் அவளிடம் யார் எதைக் கேட்டாலும் பதில் என் வாயிலிருந்துதான் வரும். ராஜகோபுரம் பக்கம் பூக்காரம்மா அவளைப் பார்த்து, "மல்லியா முல்லையா, எது வேணும் பாப்பா?" என்று கேட்டால், மல்லி என்பேன் நான். வீடு வரும்வரை "முல்லை... முல்லை" என்று என் காதருகே இழுத்துக்கொண்டே வருவாள்.

பத்தாவது முடித்ததும் இரண்டு பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புக்குக் கேட்டோம். "இவளால ஈடுகொடுக்க முடியாதும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு இடத்திலும் பேசியது நான்தான்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மூன்றாவது பள்ளி. வாசலில் நின்று ஒரு புளி மிட்டாயை என்னிடம் நீட்டினாள்.

"வாயில... போட்டுக்கோ. கரையற வரைக்கும்... பேசக் கூடாது."

"நான் என்ன சின்னப் பிள்ளையாடி?"

"அதைவிட... மோசம்."

தலைமையாசிரியை எங்கள் மருத்துவ பைலைப் புரட்டிவிட்டு, "உன்னைப் பத்திச் சொல்லும்மா" என்று அவளைக் கேட்டார். பழக்கதோஷம். மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "பொறந்தப்ப அழலைங்க டீச்சர்..." என்று ஆரம்பித்தேன்.

"அது... அம்மா கதை" என்றாள் மகள். "என் கதையை... நான் சொல்றேன்."

கணக்கு பிடிக்கும் என்றாள். கம்ப்யூட்டரில் ஒற்றைக் கையால் வேகமாக அடிப்பேன் என்று தொடங்கினாள். நடுவே மணி அடித்து, பிள்ளைகள் வராந்தாவில் ஓடி, சத்தமும் அடங்கியது. அந்த வாக்கியம் இன்னும் முடியவில்லை. டீச்சர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். நான் மிட்டாயை விழுங்கியிருந்தேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

"கம்ப்யூட்டர் லேப் மாடியில இருக்கு. ஏறிடுவியா?"

நான் அவள் கால்களைப் பார்த்தேன்.

"மெதுவா... ஏறுவேன். இடது பக்கம்... கைப்பிடி இருக்கு. வரும்போதே... பார்த்துட்டேன்."

டீச்சர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். "திங்கட்கிழமை வந்துடு." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க கேட் வரைக்கும் வந்தா போதும்மா."

பேச்சுக்குத்தான் அவளுக்கு நேரமாகும். சிரிப்பு உடனே வந்துவிட்டது, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"டீச்சர், கேட் பக்கத்துல ஒரு வேப்பமரம் இருக்குல்ல, அங்கேயே சாயங்காலம் வரைக்கும் உக்காந்துக்கிறேங்க" என்றேன். அதையும் யாரும் என்னிடம் கேட்கவில்லை.